தலை உருண்டதா, மரை பிடித்ததா: பழைய வண்டியில் கழலாத போல்ட்டுக்கு எந்த வழி?

சம்பா அறுவடை முடிந்ததும் கொட்டகைக்குள் நிறுத்தப்பட்ட டிராக்டரை, மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12 நெருங்கும்போதுதான் டெல்டாவில் பலர் மறுபடி தொட்டுப் பார்க்கிறார்கள். சேற்றோடு அப்படியே விடப்பட்ட கேஜ் வீல் (சேற்று வயலுக்காக டிராக்டரில் மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) போல்ட்டுகளும் மட்கார்டைத் தாங்கும் கிளாம்புகளும் அதற்குள் துருவேறி ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருக்கும். வேதாரண்யம், நாகப்பட்டினம், அதிராம்பட்டினம் பக்கத்தில் வயலையே பார்க்காத மோட்டார் சைக்கிளுக்கும் இதே கதிதான். காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்துவைத்துத் துருவை விரைவுபடுத்துகிறது. பழைய வண்டியைத் தாமே பிரித்துப் பார்க்கும் நண்பர்கள் இந்தப் பருவத்தில் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: சூடு காட்டுவதா, வெட்டிவிடுவதா, துளைபோட்டு எடுப்பதா?

எந்தக் கருவி வலுவானது என்று பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. போல்ட்டின் விலை பத்து ரூபாய். அது இறங்கியிருக்கும் கேசிங்கின், அதாவது எஞ்சினையோ கியரையோ மூடியிருக்கும் உலோகக் கூட்டின், விலை பல ஆயிரம். ஆகவே காப்பாற்ற வேண்டியது துளையைத்தான், போல்ட்டை அல்ல. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்தக் கணக்கின்மேல் நிற்கிறது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது, கோளாறு தலையில் இருக்கிறதா மரையில் இருக்கிறதா என்பது. ஸ்பேனர் வழுக்கிச் சுற்றுகிறது என்றால் பிடிப்பு இல்லை. ஸ்பேனர் நன்றாகக் கவ்வியும் போல்ட் அசையவில்லை என்றால் மரை பிடித்திருக்கிறது. தலைக்கான வைத்தியத்தை மரைக்குச் செய்தால் போல்ட் முறியும். மரைக்கான வைத்தியத்தைத் தலைக்குச் செய்தால் நாள்தான் போகும். இரண்டும் சேர்ந்தே இருக்கும் வண்டிகள் உண்டு, ஆனால் அவற்றிலும் எது முதலில் வந்தது என்று யோசித்துப் பார்ப்பது வீண்போகாது.

அடுத்தது, போல்ட் எதற்குள் போகிறது என்பது. மறுபக்கம் நட்டு தெரியும் ஊடுருவிய துளையா, இரும்புக்குள் முடியும் குருட்டுத் துளையா, அலுமினிய கேசிங்குக்குள் முடியும் குருட்டுத் துளையா என்ற இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு வேலைகள். அதன்பின் அக்கம்பக்கம்: ரப்பர் புஷ், ஆயில் சீல், பெட்ரோல் குழாய், பிரேக் ஹோஸ், வயர் ஆகியவை எவ்வளவு அருகில் உள்ளன. கடைசியாக, பலரும் எண்ணிப் பார்க்காத ஒன்று: இந்த வழி தோற்றால் அடுத்த வழி திறந்திருக்குமா? ஊறவைத்துத் தோற்றவர் எதையும் இழப்பதில்லை. துளையின் நடுவை விட்டு விலகித் துளைத்தவர் ஏறத்தாழ எல்லாவற்றையும் இழந்துவிடுகிறார்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். டேபிள் ஃபேன் இறக்கையைப் பிடித்திருக்கும் மூடி இடமரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சைக்கிளின் இடது பெடலும், யமஹா வண்டிகளின் வலப்பக்கக் கண்ணாடித் தண்டும், பழைய வில்லிஸ் வகை ஜீப்பின் இடப்பக்கச் சக்கர நட்டுகளும் அப்படித்தான் என்பது நினைவில் நிற்பதில்லை. கழற்றுவதாக எண்ணி இறுக்கிக்கொண்டிருப்பவருக்கு எந்தக் கருவியும் உதவாது.

## ஊறவைத்துக் காத்திருத்தல்

மரை பிடித்திருந்து தலை நன்றாக இருக்கும்போது இதுவே முதல் வழி. துரு, தான் உண்ட இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். மரைகளுக்கு இடையே அது புடைத்து நிற்பதால்தான் இறுக்கம். அந்த இடுக்குக்குள் எண்ணெய் தானே ஏறிச் செல்ல நேரம் வேண்டும். மண்ணெண்ணெயும் டீசலும் மெதுவாக வேலை செய்யும். கடையில் விற்கும் துரு இளக்கி இவற்றைவிட விரைவு. எல்லாருடைய கையிலும் இருக்கும் டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டுவதற்கென்று 1953-இல் உருவாக்கப்பட்டது. அதன் வழக்கமான நீல டப்பா துரு இளக்குவதற்கென்றே செய்த திரவத்துக்கு ஈடாகாது. தானியங்கி கியர் பெட்டிக்கான ஏடிஎஃப் எண்ணெயையும் அசிட்டோனையும் சமபங்கு கலந்து வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அது நன்றாக ஏறும். ஆனால் எளிதில் தீப்பற்றும், பெயின்ட்டையும் தின்றுவிடும்.

மரையின் வெளியே தெரியும் பகுதியைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, மாலையில் ஒருமுறையும் காலையில் ஒருமுறையுமாக இரண்டு மூன்று நாள் ஊற்ற வேண்டும். பிறகு ஒரேயடியாகக் கழற்றாமல், முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலிழை திருப்பி, அதன்பின் கழற்றும் பக்கம் கால் சுற்று, மறுபடி உள்ளே, மறுபடி வெளியே என்று போக வேண்டும். துருத்தூள் வெளியேற வழி கிடைப்பது இப்படித்தான்.

இதன் மறைமுகச் செலவு நாள்கள் மட்டுமே. இது உதவாத இடம், தலை கீழ்நோக்கியிருந்து எண்ணெய் நிற்காத போல்ட்டும், மரையின் இரு முனையும் மூடிக்கிடக்கும் குருட்டுத் துளையும். அங்கே எவ்வளவு ஊற்றினாலும் தலையின் அடியில்தான் நனையும்.

ஸ்பேனரின் முனையில் பைப்பைச் செருகி நீளம் கூட்டும் பழக்கத்தையும் இங்கேயே எடைபோட்டுவிடலாம். 8.8 என்ற வலிமைக் குறி தலையில் உள்ள 8 எம்.எம். போல்ட்டைச் சாதாரணமாக இறுக்கவே ஏறத்தாழ 25 நியூட்டன் மீட்டர் போதும், 6 எம்.எம். போல்ட்டுக்கு 10 போதும். ஒரு ஜாண் நீள ஸ்பேனரை இருபது கிலோ பலத்தில் இழுத்தாலே நாற்பதுக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. பைப் போட்டால் நம் கைக்கு எதுவும் தெரியாமலே போல்ட் முறியும். சக்கர நட்டுக்குப் பைப் பொருந்தும். எஞ்சின் போல்ட்டுக்குப் பொருந்தாது.

## அதிரவைத்தல்

சுத்தியலும் இம்பாக்ட் டிரைவரும் இந்த வகை. தலையின்மேல் நேராக விழும் அடி, மரைகளுக்கு இடையிலுள்ள துருவை நொறுக்குகிறது. முறுக்கு விசை ஏறாததால் போல்ட் முறியும் ஆபத்து குறைவு. யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற வண்டிகளின் எஞ்சின் மூடியைப் பிடித்திருக்கும் கூட்டல் குறித் தலை ஸ்குருக்களுக்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது. அந்த ஸ்குருக்கள் ஜப்பானிய அளவில் வெட்டப்பட்டவை. நம் ஊரில் கிடைக்கும் சாதாரண ஸ்குரு டிரைவர் முனை அதில் முழுதாக உட்காராமல் மேலேறி வழுக்கி, தலையைக் கிண்ணமாக்கிவிடும். இம்பாக்ட் டிரைவர் ஒரே அடியில் முனையை உள்ளே அழுத்திக்கொண்டே திருப்புகிறது.

மெல்லிய அலுமினிய மூடியின் விளிம்பில் கனமான சுத்தியலைப் பயன்படுத்தினால் விரிசல் விழும். அதைத் தவிர இதில் இழப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

## உருண்ட தலைக்குப் புதுப் பிடிப்பு

தலை ஏன் உருண்டது என்று கேட்டால், பழைய டிராக்டர்களிலும் புல்லட்டுகளிலும் பெரும்பாலும் விடை துரு அல்ல, அளவு பொருந்தாத ஸ்பேனர். பழைய மாஸி ஃபெர்குசனில் அங்குலக் கணக்கிலான போல்ட்டுகள் நிறைய. அரை அங்குலத் தலை 12.7 மில்லிமீட்டர், அதில் 13-ஆம் நம்பர் ஏறும், ஆனால் ஆடும். பதினாறில் ஒன்பது அங்குலத் தலை 14.29, அதில் 14 ஏறாது, 15 போட்டால் முக்கால் மில்லிமீட்டர் வரை இடைவெளி விழும். தலைமுறை தலைமுறையாக அந்த இடைவெளியில் முறுக்கியவர்கள் ஆறு முனையையும் மழித்துவிட்டார்கள். ஆகவே வேறு எதற்கும் முன்னால் அங்குல ஸ்பேனர் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பது நல்லது. பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனருக்குப் பதிலாக ஆறு பட்டை சாக்கெட்டையும் முயலலாம். அது முனையைப் பிடிக்காமல் பட்டையைப் பிடிக்கிறது.

இதற்கும் அசையாவிட்டால், அடுத்த சிறிய அளவு சாக்கெட்டை அடித்து ஏற்றுவது, தலையின் இரு எதிர்ப் பட்டைகளை அரத்தால் தேய்த்துச் சிறிய ஸ்பேனருக்கு இணங்க வைப்பது, தலையின் ஓரத்தில் உளியை வைத்துக் கழலும் திசையில் தட்டுவது என்று வழிகள் உண்டு. அடித்து ஏற்றும்போதே அதிர்வும் கிடைப்பதால் நான் முதலில் சாக்கெட்டையே நாடுகிறேன்; அரத்தை வைத்துத் தேய்ப்பது நேரம் பிடித்தாலும் மிகப் பாதுகாப்பானது. பைப் ரிஞ்சும் லாக் பிளையரும் இடம் தாராளமாக இருந்து, மரை இளகியிருக்கும்போது மட்டும் பயன்படும்.

இவை எல்லாம் மரை பிடிக்காத, அல்லது ஊறி இளகிவிட்ட போல்ட்டுக்கு உரியவை. மரையும் பிடித்திருந்தால் அடுத்த இரண்டு வழிகளுக்குப் போய்விடுவதே மேல். பிடிப்பை மாற்றி மாற்றிச் சோதித்துக்கொண்டிருந்தால் தலை சட்டினிதான் ஆகும்.

## சூடு காட்டுதல்

சூட்டின் பலன், எந்த உலோகத்துக்குள் எந்த உலோகம் என்பதைப் பொறுத்தது. ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் இரும்பு தன் அளவில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கும், அலுமினியம் ஏறத்தாழ 23 பங்கும் விரிகின்றன. அலுமினிய கேசிங்குக்குள் இரும்பு போல்ட் இருக்கும்போது இரண்டையும் சேர்த்து 150 பாகை சூடேற்றினால், 8 மில்லிமீட்டர் துளை போல்ட்டைவிட நூறில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலாக அகலும். தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைந்த அந்த இடைவெளியே, அலுமினியத்துக்கும் இரும்புக்கும் இடையே உப்பீரத்தால் கட்டியாகிப்போன வெள்ளைப் பொடியின் பிடியை விடுவிக்கப் போதும். இங்கே சூடேற்ற வேண்டியது கேசிங்கை, போல்ட்டை அல்ல. நீர்த்துளி பட்டவுடன் துள்ளி மறையும் சூடு வந்ததும் நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் அலுமினியம் சிவந்து எச்சரிக்காது. 660 பாகையில் திடீரென்று உருகிவிடும், வார்ப்புக் கலவைகள் அதற்கும் முன்பே இளகும்.

இரும்புக்குள் இரும்பு என்றால் கணக்கு வேறு. இரண்டும் ஒரே அளவு விரிவதால், ஒன்றை மட்டும் சூடாக்க வேண்டும். நட்டைச் சிவக்க வைத்து உடனே கழற்றுவது ஒரு முறை. போல்ட்டைச் சிவக்க வைத்து ஆறவிட்டுக் கழற்றுவது இன்னொரு முறை. இரண்டாவதில், விரிந்த போல்ட் துருவை நசுக்கிவிட்டு, ஆறும்போது சுருங்கி வெளியே வர இடம் விடுகிறது. சூடு தணியும்போது மெழுகுவத்தியை மரையருகில் தொட்டால், மெழுகு உருகி இடுக்குக்குள் இழுபட்டு உயவாக நிற்கும்.

இனி மறைமுகச் செலவு. சிவந்த 8.8 அல்லது 10.9 போல்ட் தன் பதத்தை இழந்துவிட்டது. அதை மறுபடி மாட்டக் கூடாது. பக்கத்தில் உள்ள ஆயில் சீலும் ரப்பர் புஷ்ஷும் வீணாகும், அவற்றின் விலையைச் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். உயிரோடு விளையாடுவது ஒன்றும் உண்டு: டயர் மாட்டியிருக்கும் ரிம்மின் போல்ட்டுக்குச் சூடு காட்டுவது. கேஜ் வீலைக் கழற்ற முடியாமல் டிராக்டரின் பின்சக்கர ரிம்முக்கே கேஸ் தீயைக் காட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். டயருக்குள் ரப்பர் வெந்து வெளியிடும் வாயு அழுத்தம் கூடி டயர் வெடிக்கும். காற்றைக் குறைத்துவிட்டோம் என்பது பாதுகாப்பாகாது. அந்த இடத்துக்கு ஊறவைப்பதும் வெட்டுவதும் மட்டுமே உரிய வழிகள்.

## நட்டு பற்றவைத்தல்

தலை முழுதும் உருண்டு, அல்லது தலையே முறிந்து, மரையும் பிடித்திருக்கும் போல்ட்டுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. முறிந்த போல்ட்டின்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளை வழியாகவே 2.5 எம்.எம். ராடால் நிரப்பிப் பற்றவைக்கிறோம். புதுத் தலை கிடைக்கிறது என்பது பாதி நன்மைதான். மீதிப் பாதி, போல்ட்டின் நடுவே இறங்கும் சூடு; மேலே சொன்ன சிவக்க வைத்து ஆறவிடும் முறை இங்கே தானாக நடந்துவிடுகிறது. அலுமினிய கேசிங்கில் இரும்பு வெல்டிங் ஒட்டாது என்பதால், கைதேர்ந்தவர் கேசிங் மட்டத்துக்குக் கீழே முறிந்த போல்ட்டைக்கூடச் சொட்டுச் சொட்டாக மேலே வளர்த்தெடுத்து அதன்மேல் நட்டை வைப்பார். சிவப்பு மறைந்து சிறிது ஆறிய பிறகு முன்னும் பின்னுமாக அசைக்க வேண்டும். முதல் நட்டு பிய்த்துக்கொண்டு வந்தால் சலிக்காமல் இரண்டாவதை வைக்கலாம். தோற்றாலும் எந்தக் கதவும் மூடுவதில்லை என்பதுதான் இதன் பெருமை.

வெல்டிங் பட்டறை இல்லாத ஊர் டெல்டாவில் அரிது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதுதான் சிரமம். போவதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும், இல்லையேல் ஆல்டர்னேட்டர் டயோடுகள் போகும். எர்த் கிளாம்பைப் போல்ட்டுக்கு மிக அருகில் போடச் சொல்லுங்கள். தூரத்தில் போட்டால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதன் குண்டுகளில் தழும்பு விழும். பிரேக் கிளீனர் தெளித்துத் துடைத்த இடத்தில் பற்றவைக்கவே கூடாது: குளோரின் கலந்த வகை சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாகும். துத்தநாக முலாம் பூசிய போல்ட்டின் வெண்புகையும் காய்ச்சலைத் தரும். காற்றோட்டத்தில்தான் செய்ய வேண்டும்.

பெட்ரோல் டேங்கும் கார்புரேட்டரும் கழற்றப்படாத வண்டியில் இந்த வழி கிடையாது.

## வெட்டிவிடுதல்

மறுபக்கம் நட்டு தெரிகிற எல்லா இடத்திலும், அதாவது கேஜ் வீல், மட்கார்டு, டிரெய்லர் தளம், சைலன்சர் கிளாம்பு ஆகியவற்றில், ஒரு நாள் ஊறவைத்தும் அசையாத போல்ட்டோடு மல்லுக்கட்டுவது நேரக்கேடு. நாலு அங்குல கிரைண்டரால் நட்டின் ஒரு பட்டையை மரைக்குச் சற்று முன்வரை அறுத்து, உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் நட்டு பிளந்துவிடும். புது போல்ட்டின் விலை ஒரு தேநீரின் விலைதான்.

கிரைண்டரின் பொறி பத்தடிக்கு மேலும் பறக்கும் என்பதையும், நம் கொட்டகைகளில் டிராக்டருக்குப் பின்னால் பெரும்பாலும் வைக்கோல் இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வண்டியை வெளியே தள்ளி, ஒரு குடம் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அறுங்கள். குருட்டுத் துளையில் இருக்கும் போல்ட்டின் தலையை அறுப்பது வேறு விஷயம்: மூடியைக் கழற்றிவிடலாம், மீதித் தண்டு கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும், இறுக்கம் போனதால் பல சமயம் அது கையாலேயே சுற்றும். ஆனால் தண்டு நீண்டிருக்குமா என்று முன்கூட்டியே அளந்து பார்த்துவிட்டுத்தான் அறுக்க வேண்டும்.

## துளைபோட்டு எக்ஸ்ட்ராக்டரால் எடுத்தல்

கடையில் பார்க்கும்போது மிகவும் நம்பத் தூண்டுவது இந்தக் கருவிதான். என் கையில் மிகவும் நஷ்டம் தந்ததும் இதுதான். முறிந்த போல்ட்டின் நடுவில் அதன் பாதி விட்டத்துக்குத் துளைபோட்டு, இடமரை வெட்டிய கூம்பை உள்ளே திருகினால், அது கவ்விக்கொண்டு போல்ட்டை வெளியே கொண்டுவர வேண்டும். இதில் உள்ள முரணைக் கவனியுங்கள். முழு விட்டத்தோடு இருந்த போல்ட்டே தாங்காமல் முறிந்த இறுக்கத்தை, அதன் பாதி விட்டமுள்ள கூம்பு தாங்கியாக வேண்டும். அந்தக் கூம்போ பதமேற்றிய எஃகு. வளையாது, சட்டென்று உடையும். உள்ளே உடைந்துவிட்டால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடாது.

பழைய மோட்டார் சைக்கிளின் அலுமினிய ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடி), சைலன்சரைப் பிடித்திருக்கும் ஸ்டட் என்ற தலையில்லாத மரைத்தண்டு ஒன்று முறிந்தபோது எனக்கு இதுவே நடந்தது. ஊறவைக்கவும் இல்லை, சூடு காட்டவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்ற அவசரம். எக்ஸ்ட்ராக்டர் உள்ளே உடைந்தது. நட்டு பற்றவைத்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை, ஹெட்டையே கழற்றி லேத் பட்டறைக்குத் தூக்கிச் சென்று, கார்பைடு பிட்டால் குடைந்து, புஷ் போட்டுப் புது மரை வெட்டும் வேலையாக மாறியது.

ஆனாலும் எக்ஸ்ட்ராக்டருக்கென்று ஓர் இடம் உண்டு. துருவால் அல்லாமல், அளவுக்கு மீறி இறுக்கியதாலோ பக்கவாட்டு அடியாலோ முறிந்த போல்ட்டின் மரை பிடித்திருக்காது. அதை இந்தக் கூம்பு அழகாக எடுத்துவிடும். இடச்சுற்று டிரில் பிட் கிடைத்தால் இன்னும் நல்லது, துளைக்கும்போதே பல சமயம் போல்ட் சுழன்று வெளியே வந்துவிடும். எந்த நிலையிலும் முறிந்த முகத்தை அரத்தால் மட்டமாக்கி, சென்டர் பஞ்சால் நடுவில் குத்தி, சிறிய பிட்டில் தொடங்க வேண்டும். இரும்பு போல்ட்டில் வழுக்கும் பிட், பக்கத்திலுள்ள மெத்தென்ற அலுமினியத்துக்குள்தான் இறங்கப் பார்க்கும். நடுவில் சரியாகப் போய்விட்டால் எக்ஸ்ட்ராக்டரே தேவையில்லை: 6 எம்.எம். போல்ட்டை 5 வரையும், 8 எம்.எம். போல்ட்டை 6.8 வரையும் துளைத்தால் மரையின் சுருள் மட்டும் மீந்து, கூரான ஊசியால் இழுக்க வந்துவிடும்; அதே அளவு மரை வெட்டும் டேப்பை விட்டு மரையைச் சுத்தம் செய்துகொள்ளலாம்.

## லேத் பட்டறைக்குக் கொண்டுபோதல்

சிலிண்டர் பிளாக், ஹெட், கியர் பெட்டி ஆகியவற்றில் மட்டத்துக்குக் கீழே முறிந்த போல்ட், அல்லது ஒருமுறை தவறாகத் துளைத்துவிட்ட போல்ட் என்றால், வீட்டில் இன்னொரு முயற்சி செய்வதைவிட இதுவே மலிவு. பாகத்தை இயந்திரத்தில் இறுக்கி நேராகத் துளைக்க அங்கே முடியும். மரை போயிருந்தால் பெரிதாக்கி, ஹெலிகாயில் என்ற சுருள் கம்பி மரையையோ புஷ்ஷையோ இறக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிடுவார்கள். அலுமினியத்தில் இப்படி இறக்கிய எஃகு மரை, பழைய மரையைவிட உறுதியாகவே நிற்கும். செலவு என்பது கூலி மட்டுமல்ல, பாகத்தை முழுதாகக் கழற்றி மாட்டும் வேலையும், புது கேஸ்கெட்டும் சேர்ந்ததுதான்.

கொண்டுபோகும்போது முறிந்த துண்டை மேலும் குடையாமல் விட்டுவிடுங்கள். ஏற்கெனவே விலகிய துளையைத் திருத்துவதற்குத்தான் அவர்கள் கூடுதல் கூலி கேட்கிறார்கள், அது நியாயமும்கூட. பக்கத்தில் கழன்ற அதே வகை நல்ல போல்ட் ஒன்றையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பழைய புல்லட்டிலும் டிராக்டரிலும் மரை மில்லிமீட்டரா அங்குலமா, அங்குலத்துக்கு எத்தனை புரி என்பதை அதை வைத்துத்தான் பட்டறைக்காரர் மரை அளக்கும் கேஜில் பார்த்துச் சொல்வார்.